கணினி அறையின் திறப்பு யாரிடம்? மலையகப் பாடசாலையில் தொழில்நுட்பத்தைத் தொடங்குகிறவர்களுக்கு

புதிதாக நியமனம் கிடைத்து ஹட்டன் பக்கமோ பண்டாரவளைப் பக்கமோ ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போகிறீர்கள், அல்லது அங்கேயே பல வருடம் படிப்பித்துவிட்டு இப்போதுதான் அதிபர் கதிரைக்கு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் அழைத்து, "சேர், ஸ்கூலுக்கு ஸ்மார்ட் போர்ட் ஒன்று வாங்கித் தரவா?" என்று கேட்கிறார். உடனே ஆம் என்று சொல்லத்தான் மனம் வரும். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன, அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லா வகுப்பிலும் இணையம் உள்ள நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. நூறடி மண்டபத்தைத் தட்டி வைத்துப் பிரித்து நான்கைந்து வகுப்பு நடத்துகிற, மழை அடித்தால் தகரச் சத்தத்தில் ஆசிரியரின் குரலே கேட்காத பாடசாலைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி இல்லாமல் நின்றுபோன பாடங்கள் நம்மிடம் உண்டுதான். ஆனால் கருவி வந்து இறங்கி, விழா வைத்து, படம் எடுத்து, அப்புறம் பூட்டிய அறைக்குள்ளேயே கிடந்து பழுதான கதைதான் எனக்குக் கூடுதல் வருத்தம் தருகிறது. அதனால் கணினியைப் பற்றி எழுதுவதைவிடத் திறப்பு, நேரசூசி, பஸ் நேரம், பதிவேடு இவற்றைப் பற்றித்தான் இதில் கூடுதலாக வரும். அதிபர்களே, இது உங்களுக்கும்தான். தொழில்நுட்பம் என்றால் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாட) ஆசிரியரின் வேலை என்று ஒதுக்கிவைத்த பாடசாலையில், அந்த ஆசிரியருக்கு இடமாற்றம் வரும் நாள்வரைதான் அது ஓடும்.

இருப்பதை முதலில் பாருங்கள்

ஒரு நாள் காலையில் பொருட்பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போங்கள். பதிவேட்டில் உள்ளதை எண்ணிச் சரி போடுவதோடு நிற்க வேண்டாம், ஒவ்வொன்றையும் மின்சாரம் கொடுத்துப் போட்டுப் பாருங்கள். கணினி எழும்புகிறதா, மல்டிமீடியாவின் (திரையில் படம் விழுத்தும் புரொஜெக்டரின்) வெளிச்சம் மங்கலா, ஸ்பீக்கர் கரகரக்கிறதா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அதைவிட முக்கியம் சுவர். எந்த வகுப்பில் பிளக் இருக்கிறது, அதில் கரண்ட் வருகிறதா, துளை உருண்டையா சதுரமா என்று பாருங்கள். பழைய கட்டடங்களில் உருண்டைத் துளை, புதிதாக வரும் கருவிகளில் சதுரப் பின், இதற்கு நடுவில் ஓர் அடாப்டர் இல்லாததால் பாதிப் பாடவேளை போய்விடும். நாற்பது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் வயரோடு போராடிய ஆசிரியர் அடுத்த வாரம் அந்தப் பக்கமே வரமாட்டார்.

அப்புறம் கையில் போனை வைத்துக்கொண்டு வளவு முழுக்க நடந்து, எந்த மூலையில் எந்த நிறுவனத்தின் சிக்னல் எத்தனை கோடு காட்டுகிறது என்று பாருங்கள். மலையில் இது பத்து அடிக்குப் பத்து அடி மாறும். ஒரு சாதாரண தாளில் பாடசாலையின் வரைபடத்தைக் கீறிப் பிளக் உள்ள இடம், சிக்னல் உள்ள இடம், வெயில் நேராக அடித்துத் திரை தெரியாத இடம் மூன்றையும் குறித்துவிட்டால், இனி எவர் என்ன தர வந்தாலும் அந்தத் தாளைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.

கருவி கொடுத்தால் படிப்பு தானாக வரும் என்ற நம்பிக்கையைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நாடு பெரு. கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று அரசாங்கம் கொடுத்தது. 319 பாடசாலைகளை வைத்துச் செய்த மதிப்பீடு 2012இல் வெளிவந்தபோது, பிள்ளைகள் கணினியை நன்றாகக் கையாளப் பழகியிருந்தார்கள், ஆனால் கணிதத்திலும் மொழியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. நம் ஊருக்கும் அது நல்ல எச்சரிக்கை.

திறப்பு விஷயம்

கணினி அறை ஏன் பூட்டிக் கிடக்கிறது? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. பயம்தான் காரணம். பொருள் அரசாங்கத்தின் சொத்து, பதிவேட்டில் ஒருவரின் பெயருக்கு எதிரே இருக்கிறது, உடைந்தால் விசாரணை வரும், கையிலிருந்து கட்டவேண்டி வருமோ என்ற கவலை. அந்தப் பயத்தோடு இருக்கும் ஆசிரியரிடம் "ஏன் பாவிக்கவில்லை?" என்று கேட்பதில் நியாயம் இல்லை. அந்தப் பாரத்தை இறக்கிவைக்கக் கூடியவர் அதிபர் ஒருவர்தான், தொழில்நுட்பத் தலைமைத்துவம் என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்கிறார்களே, அது நம் ஊரில் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

செய்ய வேண்டியது இதுதான். ஆசிரியர் கூட்டத்தில் பேசி, கூட்டக் குறிப்பிலும் எழுதி, எல்லாரும் கையெழுத்து வையுங்கள்: வகுப்பில் பாவிக்கும்போது ஏதாவது பழுதானால் அன்றே எழுதி அதிபரிடம் கொடுக்க வேண்டும், அதிபர் அதைப் பார்த்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு அறிவிப்பார், பாவித்தவரைக் குற்றவாளிபோல நடத்தமாட்டார். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் இதைச் சொல்லி வையுங்கள், பெற்றோரும் தெரிந்துகொள்ளட்டும். அறைக்கு இரண்டு திறப்பு இருக்க வேண்டும். ஒன்று அலுவலகத்தில் ஆணியில் தொங்கட்டும், யாரிடமும் கெஞ்சாமல் எடுக்கக்கூடிய இடத்தில். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியைக் கயிற்றில் கட்டி வையுங்கள்: திகதி, பாடவேளை, வகுப்பு, ஆசிரியர், எடுத்தது, திரும்ப வைத்தது, பழுது. இந்த ஒரு கொப்பி தவணை முடிவில் உங்களுக்குச் சொல்லும் செய்தி எந்த அறிக்கையிலும் கிடைக்காது. எந்த வகுப்புப் பிள்ளைகள் அந்த அறைக்குள் ஒரு தடவைகூடக் கால் வைக்கவில்லை என்று அதில் பச்சையாகத் தெரிந்துவிடும்.

பத்தாம் பதினோராம் தரத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரைப் பொறுப்பாக வையுங்கள். வயர் சுற்றுவது, சார்ஜ் போடுவது, மல்டிமீடியாவைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பது எல்லாம் அவர்கள் செய்வார்கள். பெண்பிள்ளைகளைக் கட்டாயம் சேருங்கள். சும்மா விட்டால் வயர் வேலை எல்லாம் பையன்களிடமே போய்ச் சேர்ந்துவிடும்.

நேரசூசியிலும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. கணினி அறையை ஐசிடி பாடத்துக்கு மட்டும் எழுதி வைத்திருந்தால், வாரத்தில் காலியாக உள்ள பாடவேளைகளைக் கண்டுபிடித்துக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பெயர் போட்டுக் கொடுங்கள். "தேவையானவர்கள் கேட்டு வாங்குங்கள்" என்று விட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பெயர் எழுதிவிட்டால் வந்துவிடுவார்கள்.

ஒரு பாடம், ஒரு தடங்கல்

ஆசிரியராக இருந்தால் உங்கள் வேலை இங்கே தொடங்குகிறது. எந்த ஆப் நல்லது என்று தேட வேண்டாம். போன வருடம் படிப்பித்ததில் பிள்ளைகள் எந்த இடத்தில் தடக்கி நின்றார்கள் என்று யோசியுங்கள். ஒரேயொரு இடம். அந்த இடத்துக்கு மட்டும் ஒரு தவணையில் கருவியைக் கொண்டுவாருங்கள். பயிற்சிகளில் 'டீபேக்' (TPACK) என்ற பெயரைக் கேள்விப்படுவீர்கள், மிஷ்ரா, கோலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் எழுதியது. பாட அறிவு, படிப்பிக்கும் முறை, கருவி அறிவு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும் இடத்தில்தான் நல்ல பாடம் இருக்கிறது என்பது அதன் சாரம். கருவி அறிவை மட்டும் தனியாகப் படிப்பிக்கிற பயிற்சிகள் ஏன் வகுப்புவரை வருவதில்லை என்பதற்கு அதில் விளக்கம் இருக்கிறது.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பத்தாம் தரக் கணிதத்தில் இருபடிச் சார்பின் வரைபு. கரும்பலகையில் அட்டவணை போட்டு, புள்ளி குறித்து, வளைகோட்டைக் கீறி முடிக்கும்போது மணி அடித்துவிடும். அடுத்த நாள் இன்னொரு வரைபு. குணகம் மாறினால் வளைகோட்டுக்கு என்ன ஆகிறது என்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்ப்பதே இல்லை, மனப்பாடம்தான் செய்கிறது. இதற்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் போதும். இலவசம், கணினியில் ஒரு தடவை இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். ஏ என்ற குணகத்துக்கு ஒரு நகர்த்தியை (தள்ளினால் ஏயின் பெறுமானம் மாறும் ஸ்லைடரை) வைத்து, வளைகோட்டைத் திரையில் காட்டுங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். நகர்த்தியை உடனே அசைக்காதீர்கள். "ஏ இப்போது ஒன்று. இதை இரண்டாக்கினால் கோடு ஒடுங்குமா விரியுமா? கொப்பியில் கீறுங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். பின்வாங்கில் இருக்கும் பிள்ளையும் ஏதோ ஒன்றைக் கீறும்வரை நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நகர்த்தியைத் தள்ளினால், சரியாகக் கீறியவரும் பிழையாகக் கீறியவரும் ஒரே நேரத்தில் சத்தம் போடுவார்கள். அப்புறம் பூச்சியத்தைத் தாண்டி மறைப்பக்கம் கொண்டுபோய்க் கோடு தலைகீழாகும்போது ஏன் என்று கேளுங்கள். திரை ஓடிய நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்காது. மிச்ச நேரம் கொப்பியும் பென்சிலும்தான். பாடவேளை முழுக்க வீடியோ ஓடவிட்டு ஆசிரியர் பின்னால் உட்கார்ந்திருப்பதை நான் தொழில்நுட்பப் பாடம் என்று ஏற்கமாட்டேன்.

விஞ்ஞானத்துக்குக் திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) உருவகப்படுத்தல்கள் இருக்கின்றன, அவற்றையும் இறக்கி வைக்கலாம். மின்சுற்றுப் பாடத்துக்கு அது மிக நல்லது. ஆனால் இரண்டு பற்றரியும் ஒரு பல்பும் கொஞ்சம் வயரும் கையில் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். பல்பு எரிவதைப் பிள்ளை தொட்டுப் பார்க்கட்டும், திரை பிறகு வரட்டும்.

ஆங்கிலத்துக்கும் இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கும் ஒரு நல்ல ஸ்பீக்கர் போதும். நம் பிள்ளைகளில் பலர் சிங்களத்தைக் கடைத்தெருவில் கேட்டிருப்பார்கள், ஆங்கிலத்தைக் காதால் கேட்கும் வாய்ப்போ வகுப்புக்கு வெளியே மிகக் குறைவு. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நிமிட ஒலிப்பதிவு ஒன்று, கேட்டுவிட்டு இரண்டு கேள்வி. பக்கத்து வகுப்பு தட்டிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அதனால் அந்த ஆசிரியரோடு முதலிலேயே பேசி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் போன் கொண்டு வர அனுமதி இல்லை, ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும் முறை ஒன்று வேண்டும் என்றால் ப்ளிக்கர்ஸ் என்ற ஆப்பைப் பாருங்கள். பிள்ளைக்கு ஓர் அச்சிட்ட அட்டை, அதில் கறுப்புச் சதுர வடிவம் ஒன்று, நாலு பக்கத்தில் ஏ பி சி டி என்று சின்னதாக எழுதியிருக்கும். தன் பதில் மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் போன் கமராவை வகுப்பு முழுக்க ஒரு தடவை காட்டினால் யார் என்ன பதில் சொன்னார் என்று போனில் வந்துவிடும். ஒரு போனும் கொஞ்சம் டேட்டாவும் போதும். கையை உயர்த்தவே கூச்சப்படும் பிள்ளை இதில் பதில் சொல்லும்.

எங்கே பொருள் தேடுவது

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். சிக்னல் நல்லா உள்ள இடத்தில் இருந்து ஒரு தடவை எல்லாவற்றையும் இறக்கி, தரம் வாரியாக ஃபோல்டர் போட்டு, இரண்டு பென்டிரைவில் வையுங்கள், ஒன்று தொலையத்தான் செய்யும். இன்னும் ஒரு படி போக விரும்பினால் கொலிப்ரி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய மடிக்கணினி ஒன்றில் போட்டால் அதே அறையில் உள்ள மற்றக் கணினிகள் வைஃபை வழியாக அதிலிருந்து பாடங்களை எடுக்கும், வெளி இணையம் தேவையில்லை. இதை முதல் வருடத்திலேயே செய்யப் போகாதீர்கள்.

யூடியூபில் தமிழில் பாடம் தேடினால் வருவதில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். நல்ல ஆசிரியர்கள், நல்ல விளக்கம். ஆனால் நம் பிள்ளை பரீட்சையில் ஒட்சிசன் என்று எழுத வேண்டும், அங்கே ஆக்சிஜன் என்பார்கள். ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை, அட்சரகணிதம் அங்கே இயற்கணிதம். வீடியோ போடுவதற்கு முன் பலகையில் இரண்டு நிரலாக எழுதிவிட்டுப் போடுங்கள். சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றிடம் வினாத்தாள் கேட்டாலும் இதே கலப்பு வரும், அதோடு பிழையான விடையையும் மிக நம்பிக்கையோடு தரும். மாதிரி வினாவுக்கு, பாடத்தை வேறு விதமாக விளக்க யோசனை கேட்பதற்கு அவற்றைப் பாவியுங்கள். ஆனால் பாடநூலோடு ஒத்துப்பார்க்காமல் ஒரு வரியைக்கூட வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம்.

எழுத்துரு என்ற பெரிய தலைவலி

இதற்குத் தனியாக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நம் பாடசாலைகளில் பல வருடமாகத் தட்டச்சு செய்து சேர்த்த வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெற்றோரின் போனில் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகத்தான் தெரியும், கணினிக்குள் தேடினாலும் எதுவும் அகப்படாது. இன்றைக்கு ஒரு முடிவு எடுங்கள்: இனிமேல் எழுதுவதெல்லாம் எந்தப் போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடில். பாமினித் தட்டச்சுக்கு விரல் பழகியவர்கள் கவலைப்பட வேண்டாம், அதே விசை அமைப்பிலேயே யுனிகோடு எழுதும் மென்பொருள்கள் உண்டு. பழைய கோப்புகளை இணையத்தில் உள்ள மாற்றிகளில் போட்டு மாற்றலாம். ஆனால் கொம்புகளும் கிரந்த எழுத்துகளும் சில நேரம் இடம் மாறி நிற்கும், ஒரு தடவை வாசித்துப் பார்த்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் மாற்றப் போய்க் களைத்துவிடாதீர்கள், அந்தந்தத் தவணைக்குத் தேவையானதை மட்டும் மாற்றினால் இரண்டு மூன்று வருடத்தில் தானாக முடிந்துவிடும். தட்டச்சே வராத மூத்த ஆசிரியர்களுக்குப் போனின் குரல்வழித் தட்டச்சைக் காட்டுங்கள். மொழித் தெரிவில் தமிழ் (இலங்கை) என்றே இருக்கிறது. தன் குரல் எழுத்தாக வருவதைப் பார்த்த பிறகு அவர்களே மற்றவர்களுக்குக் காட்டத் தொடங்கிவிடுவார்கள்.

ஆசிரியர்களைப் பழக்குவது

ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஆசிரியரை நிறுத்திவைத்துப் பயிற்சி கொடுக்க நினைக்காதீர்கள். அந்த பஸ்ஸை விட்டால் டவுனுக்குப் போய் வீடு சேர இருட்டிவிடும். பயிற்சி பாடசாலை நேரத்துக்குள்தான் இருக்க வேண்டும், அதற்காக அதிபர் தானே ஒரு பாடவேளை வகுப்பைப் பொறுப்பெடுத்து ஆசிரியரை விடுவிக்கலாம். அப்படிச் செய்கிற அதிபரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் இதில் உண்மை இருக்கிறது என்று நம்புவார்கள்.

நாள் முழுக்க நடக்கும் பட்டறையைவிட இருபது நிமிடத்தில் ஒரேயொரு விஷயம் நல்லது. ஓர் இளையவர், ஒரு மூத்தவர் என்று சோடி சேருங்கள். இளையவருக்குக் கருவி தெரியும், மூத்தவருக்குப் பிள்ளை எங்கே தடக்கும் என்று தெரியும். கொட்டகலை பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்ற கல்லூரிகளிலிருந்து மூன்றாம் வருடப் பயிற்சிக்கு வருகிறவர்கள் உங்கள் பாடசாலையில் இருந்தால் அவர்களை இதில் முன்னால் விடுங்கள். ஒருவர் பாடம் நடத்தும்போது இன்னொருவர் பின்னால் இருந்து பார்க்கட்டும், புள்ளி போடுவதற்கு வேண்டாம், பிள்ளைகள் எந்த நேரத்தில் எழுதினார்கள், எந்த நேரத்தில் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்று குறிப்பதற்கு.

வீட்டில் உள்ள போன்

2020, 2021இல் பாடசாலைகள் மூடியிருந்த காலத்தில் நாம் பட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை ஏறினார்கள், ஆசிரியர்கள் பலர் அச்சிட்ட தாள்களை லயத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக் கணக்கு இன்றும் பெரிதாக மாறவில்லை: வீட்டில் போன் இருந்தாலும் அது அம்மாவின் கையில் மலையில் இருக்கும், அல்லது அப்பாவோடு கொழும்பில் இருக்கும். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, சமைத்து முடித்து, போன் பிள்ளையின் கைக்கு வரும்போது ஆறு ஏழு மணி ஆகிவிடும். மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்று பேருக்கும் அதே போன்தான். அதனால் போன் இருந்தால்தான் செய்ய முடியும் என்ற வீட்டுவேலையைக் கொடுக்கவே வேண்டாம். போனில் போவது மேலதிக உதவியாக இருக்கட்டும், அது இல்லாத பிள்ளைக்கு அடுத்த நாள் காலையில் தாளில் கிடைக்கட்டும்.

அனுப்புவதென்றால் குரல் பதிவு அனுப்புங்கள். மூன்று நிமிடக் குரல் பதிவு ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும், ஒரு மணி நேர ஸூம் வகுப்போ நூற்றுக்கணக்கான எம்பியைத் தின்றுவிடும், ரீலோட் போடுவது யாருடைய நாட்சம்பளத்தில் என்று நினைத்துப் பாருங்கள். குரல் பதிவில் இன்னொரு நன்மையும் உண்டு, வாசிக்கச் சிரமப்படும் பெற்றோரும் கேட்பார்கள். "நாளைக்கு விஞ்ஞானப் பரீட்சை இருக்குங்க, இன்னைக்கு ராத்திரி பிள்ளைய ஏழாம் பாடத்தைச் சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க" என்று ஆசிரியரின் குரலில் வந்தால் அந்த வீட்டில் அது நடக்கும்.

வாட்ஸ்அப் குழுவுக்குச் சட்டம் போடுங்கள். பெற்றோர் குழுவில் அறிவித்தல் மட்டும், அட்மின் மட்டும் எழுதக்கூடியதாக. ஒரு பிள்ளையின் புள்ளியையோ பிழையையோ குழுவில் போடவே கூடாது. ஆசிரியர் குழுவில் இரவு எட்டு மணிக்குப் பிறகு அதிபர் செய்தி போடக் கூடாது, அவசரம் என்றால் அழைக்கலாம்.

பிள்ளைகளின் படங்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நன்கொடை கொடுத்தவருக்குக் காட்டுவதற்காகக் கிழிந்த சப்பாத்தோடு நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பேஸ்புக்கில் போடுவதை என்னால் ஏற்க முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று நம் நாட்டிலும் ஒன்று இருக்கிறது. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், முகம் தெரியாமல் முதுகுப்பக்கம் எடுத்தாலே போதுமான இடத்தில் அப்படி எடுங்கள். போன் வழியாகப் பிள்ளைக்குத் தொந்தரவு வந்தால் அழைக்க வேண்டிய இலக்கம் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இலக்கம். அதைப் பெரிதாக எழுதி மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஒட்டுங்கள், பிள்ளை தனியாக நின்று வாசிக்கக்கூடிய இடம் அதுதான்.

அதிபரின் சொந்தப் பாவனை

நீங்கள் பாவிக்காத ஒன்றை ஆசிரியரிடம் கேட்காதீர்கள். ஒரே ஒரு விரிதாளில் தொடங்கலாம். வரவு இடாப்பை அதில் பதிந்து, பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் தோட்டப் பிரிவையும் ஒரு நிரலாகப் போடுங்கள். மாத முடிவில் பிரிவு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். மேற்பிரிவுப் பிள்ளைகள் மட்டும் ஒரே நாட்களில் வராமல் இருந்தால், அது மழை நாளா, பாலத்தில் தண்ணீரா, சம்பள நாளுக்கு மறுநாளா என்று பார்க்கலாம். அப்போது "உங்கள் பிள்ளை ஒழுங்காக வருவதில்லை" என்று பெற்றோரைக் கூப்பிட்டுத் திட்டுவதற்குப் பதிலாகத் தோட்ட நிர்வாகத்தோடு அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசலாம், கையில் கணக்கோடு. தவணைப் பரீட்சைப் புள்ளிகளுக்கும் இதே முறைதான். சராசரியைப் பார்த்து நிறுத்திவிடாமல், எந்த வினாவில் பாதி வகுப்பு பூச்சியம் வாங்கியது என்று பாருங்கள். அந்த வினாதான் அடுத்த தவணைக்கு ஆசிரியர் எடுக்க வேண்டிய "ஒரு தடங்கல்".

மழையும் இடியும்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவமழைக் காலத்தில் சுவரே வியர்க்கும். மல்டிமீடியாவையும் மடிக்கணினியையும் சீமெந்துத் தரையில் வைக்க வேண்டாம், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள், வாரத்துக்கு ஒரு தடவையாவது போட்டு ஓடவிடுங்கள், பாவிக்காமல் வைத்தால்தான் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். மல்டிமீடியாவை நிறுத்தியதும் பிளக்கைப் பிடுங்காதீர்கள், உள்ளே காற்றாடி ஓடி அடங்கும்வரை பொறுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி வரும், பாடசாலை விடும்போது எல்லாப் பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும். ரவுட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் கழற்ற வேண்டும், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

சரி, அந்த ஸ்மார்ட் போர்ட்

இப்போது அந்தப் பழைய மாணவருக்குப் பதில் சொல்லலாம். யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை தொழில்நுட்பத்தைப் பற்றியதுதான். அது கேட்கச் சொல்லும் கேள்விகள் நமக்கும் சரியாகப் பொருந்தும்: இது நம் பாடத்துக்குப் பொருத்தமா, எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேருமா, தொடர்ந்து நடத்த முடியுமா. ஸ்மார்ட் போர்ட் ஒரு சுவரில் மாட்டினால் அந்த ஒரு வகுப்புக்குத்தான். பழுதானால் திருத்துபவர் கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரவேண்டும். அதே காசில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மல்டிமீடியா ஒன்று, இரண்டு ஸ்பீக்கர், வகுப்புகளுக்குப் பிளக் பொருத்தும் செலவு, பூட்டுள்ள அலுமாரி, ஒரு வருடத்துக்கு டேட்டா, பிரிண்டருக்கு மை என்று பட்டியல் போட்டுக் கொடுங்கள். "பெயர் போட இடம் இல்லையே" என்று தயங்குவார்கள். பிளக் பொருத்திய வகுப்பில் பெயரை எழுதிவிடலாம் என்று சொல்லுங்கள். மை, டேட்டா, அடாப்டர் வாங்கித் தர யாரும் வரமாட்டார்கள், அதனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென்று ஒரு வரியை முதலிலேயே எழுதிவையுங்கள்.

இடமாற்றம் வருவதற்கு முன்

மலையகத்தில் ஆசிரியரும் அதிபரும் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் தொடங்கும் நாளிலேயே போவதற்கும் ஆயத்தமாக இருங்கள். மின்னஞ்சல், டிரைவ், யூடியூப், ப்ளிக்கர்ஸ் கணக்குகள் எதையும் உங்கள் சொந்தப் பெயரில் திறக்காதீர்கள், பாடசாலையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து அதிலிருந்தே எல்லாவற்றையும் ஆரம்பியுங்கள். கடவுச்சொல் மறந்தால் குறியீடு வருவதற்கு ஒரு போன் இலக்கம் கேட்கும், அதற்கு அலுவலகத்தில் இருக்கும் பாடசாலையின் போன் இலக்கத்தைக் கொடுங்கள், ஆசிரியரின் சொந்த இலக்கம் வேண்டாம். கடவுச்சொற்களைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அதிபரும் பிரதி அதிபரும் மேலே கையெழுத்து வைத்து இரும்பு அலுமாரியில் வையுங்கள், மாற்றும் ஒவ்வொரு தடவையும் புது உறை. பொறுப்புக் கொடுக்கும் நாளில் பொருட்பதிவேட்டோடு அந்த உறையையும், கதவில் கட்டிய கொப்பியையும், பிளக்கும் சிக்னலும் குறித்த வரைபடத்தையும் சேர்த்துக் கொடுத்து, புதிதாக வருபவரை ஒரு தடவை கணினி அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் எல்லாவற்றையும் அவர் கையாலேயே போட்டுக் காட்டச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.